நீலக் கேன்

ஓசூர்,
திங்கள் இரவு.

அன்புள்ள ருக்மணி அக்காவுக்கு,

சுகுணா எழுதிக்கொள்வது. மணி பன்னிரண்டாகப் போகிறது. இந்த நேரத்தில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பகலில் இரண்டு முறை தாளை எடுத்தேன். இவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு என்ன எழுதுகிறேன் என்று பார்த்தார். இவர் பார்க்கிற மாதிரி எழுதுகிற கடிதம் இல்லை இது.

உங்கள் போன் பதினொரு நாளாக அணைந்தே இருக்கிறது. யார் யாரோ கூப்பிட்டு, "கேன் அக்காவா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். நம் கம்பெனி பஸ் டிரைவர் முனிவேல் அண்ணன்தான் சொன்னார். நாளைக் காலை அவரிடமே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். ஸ்டாப்பில் யாரிடமும் கொடுக்காமல், வீட்டுக்கே வந்து ரேவதி கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்து உங்களுக்கு வராது. ஆகவே மருமகள் ரேவதிதான் இதைப் படித்துச் சொல்ல வேண்டும். மாமியாருக்கு நேர்ந்த அவமானத்தை மருமகள் வாயால் கேட்க வைக்கிறேன் என்பதும் எனக்குத் தெரிந்தே இருக்கிறது. ரேவதி, உனக்கும் ஒரு வார்த்தை. நடுவில் சில வரிகளைத் தாண்டிப் போகலாம் என்று தோன்றும். அத்தை மனது நோகுமே என்று கொஞ்சம் மாற்றிச் சொல்லத் தோன்றும். வேண்டாம்மா. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படி.

வீட்டில் நாராயணப்பன் அண்ணனுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துக்கொள்கிறாரா? சிவப்பு மாடு கன்று போடும் நாள் ஆகிவிட்டதென்று சொல்லியிருந்தீர்கள். போட்டுவிட்டதா? கேன் வராமல் மாடுகளுக்குத் தீவனத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

நடந்தது உங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிந்திருக்கும். என் மகள் தர்ஷினி உங்களைப் போல நடித்து வீடியோ போட்டாள் என்பது தெரியும். மொத்தம் பதினொரு வீடியோ. தலையில் துண்டு, இடுப்பில் தூக்கிச் செருகிய புடவை, கையில் குக்கர் பாத்திரம். அதுதான் கேன். கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற மாதிரி எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டே, "ஜரகண்டி, ஜரகண்டி! கேனு தூக்கிகினு வர்றவள பாத்துகினு நிக்கிறயே, தூ!" என்று கத்துவாள். முதல் வீடியோவை இருபத்தேழு பேர் பார்த்திருந்தார்கள். ஏழாவதை நாலரை லட்சம் பேர் பார்த்தார்கள். அதன் கீழே நம் பஸ்ஸில் வரும் யாரோ ஒருத்தர், நீங்கள் நிஜமாகவே கேனோடு ஏறும் படத்தைப் போட்டு, 'ஒரிஜினல் இவங்கதான்' என்று எழுதிவிட்டார். அப்புறம் அங்கே எழுதியதையெல்லாம் நான் இங்கே எழுத மாட்டேன். உங்கள் மொழியை, ஜாதியை, சாப்பாட்டை, எதையும் விடவில்லை. தளியிலிருந்து ஒருத்தர், 'எங்கள் தெலுங்கு ஜனங்களைக் கேவலப்படுத்துகிறாள்' என்று போலீஸில் புகார் கொடுத்தார். அதே வாரம் கேன்டீன் கான்ட்ராக்டர் உங்களை நிறுத்திவிட்டார்.

நாலு வருஷமாக நீங்கள் பாத்திரம் கழுவி முடித்து, மிச்சச் சோற்றையும் கழுநீரையும் நீலக் கேனில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி எடுத்துப் போவது கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிக்குத் தெரியும். சூப்பர்வைசர் செல்வத்துக்குத் தெரியும். சாக்கடையில் கொட்டுகிற வேலை மிச்சம் என்று அவரே சிரித்துக்கொண்டு அனுப்புவார். இப்போது போய்க் கேட்டால், "கம்பெனி சாப்பாட்ட வெளிய எடுத்துப் போகக் கூடாதுன்னு ரூல் இருக்குது மேடம். வீட்டுக்குச் சாப்பிட எடுத்துப் போச்சுன்னு ஊரே பேசுது, நான் என்னா பண்ணட்டும்?" என்கிறார்.

ஊர் ஏன் அப்படிப் பேசியது? ஏழாவது வீடியோவில் ஒரு வசனம் வருகிறது. தர்ஷினி கேனைத் திறந்து மோந்து பார்த்து, "வீட்ல மாடு நாலு, ஆளு அஞ்சு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது!" என்பாள். எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தது அதைத்தான். உங்கள் வேலை போனதும் அதனால்தான்.

அக்கா, அந்த வசனம் என்னுடையது.

ரேவதி, இங்கே நிறுத்தாதே. படி.

இரண்டாவது ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்காரும்போது, நான் பஸ்ஸில் நடந்ததைச் சொல்வேன். வெறுமனே சொல்ல மாட்டேன், நடித்துக் காட்டுவேன். துண்டைத் தலையில் கட்டிக்கொள்வேன். குக்கர் பாத்திரத்தைத் தூக்கிக்கொள்வேன். நீங்கள் ஏறுவது, டிரைவரைத் திட்டுவது, தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் வருவது எல்லாம் செய்வேன். மாடு நாலு, ஆளு அஞ்சு வசனமும் அப்படி நான் கட்டிச் சொன்னதுதான். இவருக்குப் புரையேறும். தர்ஷினி தரையில் உருண்டு சிரிப்பாள். "இன்னொருக்கா செய்மா, ஜரகண்டி செய்மா" என்று கேட்பாள். வாரம் முழுக்க ஆளுக்கொரு ஷிப்டில் இருக்கிற வீட்டில், மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அந்தக் கால் மணி நேரம்தான். பிரியத்தில்தானே செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பிரியம் இருந்தால் ஒரு நாளாவது உங்கள் முன்னால் செய்திருப்பேன் அல்லவா? செய்ததே இல்லை. செய்யக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். எங்கள் தமிழ்தான் தமிழ், இங்கே பேசுவதெல்லாம் கலப்படம் என்று ஒரு எண்ணம் எங்களுக்கு. வந்து பன்னிரண்டு வருஷமாகியும் அது போகவில்லை. இந்த ஊரில் சம்பாதித்து, இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு இந்த ஊரைப் பார்த்துச் சிரித்தோம். தர்ஷினி கதவைத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, பாக்கெட் பால் வேண்டாம் என்று தினமும் அரை லிட்டர் பால் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தீர்கள். பிளாஸ்க்கில் ஊற்றி, அது கசியாமல் மடியில் வைத்துக்கொண்டு வருவீர்கள். "பாப்பாக்கு சாலா, போதுமா? இன்னும் கொண்டாரட்டா?" என்பீர்கள். இரண்டு மாதம் குடித்தாள். அந்தப் பால் எதைத் தின்ற மாட்டுப் பால் என்று எனக்குத் தெரியாதா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் வீடியோவை அவள் போட்ட அன்றே நான் பார்த்தேன். கண்டிக்கவில்லை. "ருக்மணி அக்கா பாத்தா கொன்னுரும்டி" என்று சிரித்தேன். ஒரு இதயமும் போட்டேன். அந்த இதயம் இன்னும் அங்கேயே இருந்திருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. அம்மா போனைத் திருப்பிக் காட்டி, "இது யாரு, நீங்களா?" என்று கேட்டார்.

போன வாரம் அங்கே எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். தர்ஷினி முதலில் திமிராகத்தான் பேசினாள். நான் யார் பெயரையும் சொல்லவில்லை, காமெடி செய்வது குற்றமா, பேச்சுரிமை என்று ஒன்று இருக்கிறதே என்றாள். எஸ்.ஐ. அம்மா என்னைப் பார்த்து, "நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றார். உண்மைதான் அக்கா, நான்தான் சொல்லிக் கொடுத்தேன். போன வருஷம் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு 'பேச்சுரிமை' என்ற தலைப்பில் நான் எழுதிக் கொடுத்துத்தான் அவள் முதல் பரிசு வாங்கினாள். நான் பி.ஏ. அரசியல் அறிவியல் படித்தவள். கல்யாணமாகி, அவளை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசிப் பரீட்சை எழுதியவள். அந்த உரிமையைக் கொடுக்கிற சட்டப்பிரிவிலேயே அடுத்த பத்தியில், பேச்சுக்கு எங்கெங்கே எல்லை என்று இருப்பதும் எனக்கு மனப்பாடம். பேச மூன்று நிமிஷம்தான் கொடுத்தார்கள். அடுத்த பத்தியைச் சேர்த்தால் மணி அடித்துவிடுவார்கள் என்று நான்தான் பேனாவால் அடித்துவிட்டேன்.

அப்புறம் எஸ்.ஐ. அம்மா அவளிடம் கேட்டார். "பதினாலு வயசுப் புள்ளைக்கு இந்த வசனமெல்லாம் தானா வராது. யாரு எழுதிக் குடுத்தது?"

தர்ஷினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு, "நானேதான் யோசிச்சேன்" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை அக்கா.

இவர் என் கையை அழுத்தினார், பேசாதே என்று. ஆனால் அவர் மேல் பழி போட மாட்டேன். அழுத்தாவிட்டாலும் நான் பேசியிருக்க மாட்டேன். எனக்கு என் வேலை போய்விடுமோ என்று பயம். பஸ்ஸில் மற்ற பெண்கள் என்ன நினைப்பார்களோ என்று பயம். நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று பயம் வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான். வரும் வழியில் ஆட்டோவில் அவள் என் பக்கம் உட்காரவே இல்லை. அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிடுகிறாள். நான் கூப்பிட்டால் "ம்" என்கிறாள். என்னைக் காப்பாற்றினாள், ஆனால் மன்னிக்கவில்லை. இரண்டுமே நியாயம்தான்.

எஸ்.ஐ. அம்மா சொன்னது இது. மைனர் பெண் மேல் வழக்குப் போட அவர்களுக்கும் விருப்பமில்லை. 'எனக்கு மனவருத்தம் எதுவும் இல்லை' என்று நீங்கள் எழுதிக் கைநாட்டோ கையெழுத்தோ போட்டுக் கொடுத்தால், எச்சரித்து முடித்துவிடுவார்களாம். பள்ளிக்கூடத்தில் வியாழக்கிழமை விசாரணை வைத்திருக்கிறார்கள். அதற்குள் அந்தத் தாள் வராவிட்டால் டி.சி. கொடுத்துவிடுவோம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார். இவர் ஜெராக்ஸ் கடையில் அதை டைப் அடித்தே கொண்டுவந்துவிட்டார். உங்கள் பெயர் போட்டு, கையெழுத்துக்குக் கோடு போட்டு. "நீ போனா அந்தம்மா மாட்டேன்னு சொல்லாது. வாங்கிட்டு வந்துரு, சோலி முடிஞ்சுது" என்கிறார். நீங்கள் மாட்டேன் என்று சொல்ல மாட்டீர்கள் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் வரவில்லை.

அந்தத் தாளை இந்தக் கவரில் வைக்கவில்லை. வேண்டாம் என்று நினைப்பதாகச் சொன்னால் அது பொய். வேண்டும். ஒன்பதாவது பாதியில் டி.சி. வாங்கிக்கொண்டு பிள்ளை எங்கே போகும்? ஆனால் உண்மையைச் சொல்லாமல் உங்களிடம் ஒரு கையெழுத்து வாங்கினால், அது இரண்டாவது தடவை உங்கள் கேனில் கை வைத்த மாதிரி. உங்களுக்கு மனவருத்தம் இருக்கிறது. இல்லை என்று எப்படி எழுதச் சொல்வேன்?

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்திலும், அதன் பிறகு போலீஸிலும், அந்த வசனம் என்னுடையது என்று சொல்லப் போகிறேன். கம்பெனி ஹெச்.ஆருக்கும் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அந்தக் கேன் மாட்டுக்குத்தான் போனது, நாலு வருஷமாக எல்லோருக்கும் தெரிந்தே போனது, சாப்பாட்டு வசனம் நான் வீட்டில் கட்டிவிட்ட கதை என்று எழுதி, அடையாள எண்ணோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் உங்களுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா என்று தெரியாது. எனக்கு என்ன ஆகும் என்றும் தெரியாது. இவருக்கு இன்னும் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் நீங்கள் என்னிடமிருந்து கேட்க வேண்டும் என்றுதான் இன்றைக்கே எழுதினேன்.

நீங்களே புகார் கொடுக்க நினைத்தாலும் கொடுங்கள். ரேவதி அழகாக எழுதுவாள். என் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். மாடு கன்றோடு சுகமாக இருக்க வேண்டும். தர்ஷினியைத் திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள். ஆனால் அவளுக்குக் கெட்டது நினைத்துவிடாதீர்கள். உங்கள் வாயால் அவளை ஒரு தடவை 'பாப்பா' என்று சொல்லிவிட்டால் போதும் என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை.

இரண்டு வரி போதும் அக்கா. ரேவதியிடம் சொல்லி எழுதி முனிவேல் அண்ணனிடம் கொடுங்கள். வீட்டுப் பக்கம் வராதே என்பதாக இருந்தாலும் சரி, புதன்கிழமைக்குள் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
சுகுணா