ரெபானைக் கழுவியது நான்தான்

கோபப்படாமல் கேட்பாய் என்று நம்பி எழுதுகிறேன், என் செல்ல அக்கா.

கோழிகளை அடைக்கும் உன் ரெபானைக் கழுவிவிட்டேன். உன் கருமாதிக்கு முதல் நாள், ஈப்போவிலிருந்தும் கமுந்திங்கிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருகிறார்களே, வீடு சுத்தமாக இருக்க வேண்டுமே என்று வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் தண்ணீர்க் குழாயைப் பிடித்தேன். ரெபானில் ஒரு சாண் உயரத்துக்கு நீ சேர்த்து வைத்திருந்த மரத்தூளையும் விடவில்லை. அத்தனையையும் சாக்குகளில் அள்ளிவிட்டு, சிமெண்டுத் தரையைத் தேய்த்துக் கழுவி, ஈரம் காயுமுன்பே புதுத் தூளைக் கொட்டினேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும்.

எத்தனை முறை உன்னைக் கேலி செய்திருப்பேன். "ஒரு வருசக் குப்பையிலயா கோழி வளப்பாங்க?" என்பேன். "கிளறணும்டா, கழுவக் கூடாது. அடியில பழசு இருந்தாத்தான் மேல விழுற எச்சம் மக்கும்" என்பாய். காதில் வாங்கினேனா?

பத்தே நாளில் எச்சமும் தூளும் களியாகி, வாடை கண்ணைக் கரித்தது. யாரோ புகார் கொடுத்து, திங்கட்கிழமை நகராட்சி மஜ்லிஸ் அதிகாரி வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை திரும்பி வருவாராம். அப்போதும் வாடை இருந்தால் ரெபானைப் பிரித்துவிட வேண்டுமாம். தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது கூடையில் நீ தூக்கி வந்த இரண்டு கோழிகளின் வம்சம் இது. பதினொன்றையும் நான் எங்கே கொண்டுபோவேன்?

பழைய தூள் வேண்டும். அந்தச் சாக்குகளை மிளகாய்ச் செடிக்கென்று பக்கத்து வீட்டு ஞானம் அண்ணன் எடுத்துப் போயிருந்தார். மிச்சம் இருக்கிறதா என்று போய்க் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தம்பி, கொம்ப்ளேன் பண்ணது நான்தான்லா."

சுள்ளென்று கோபம் வந்தது எனக்கு.

"அஞ்சு வருசமா பக்கத்துல இருக்கேன், உங்க அக்கா இருந்தப்ப ஒரு நாளு நாத்தம் வந்தது இல்ல. நீ கவனிக்காம விட்டுட்டேன்னு நெனச்சேன். அந்தக் கோழிங்க கண்ணத் தொறக்க முடியாம நிக்குதுங்க, பாவம்லா. ரெண்டு சாக்கு பிரிக்காம இருக்கு. வா, ஒரு பக்கம் பிடி."

ஈரத் தூளை வழித்தெடுத்தோம். தரை நன்றாகக் காய்ந்த பிறகு உன் பழைய தூளைப் பரப்பி, மேலே புதிதைத் தூவினோம். தண்ணீர்த் தட்டைச் செங்கல்மேல் ஏற்றி வைத்தேன். அன்றிலிருந்து காலையும் மாலையும் கிளறுகிறேன். முதுகு விட்டுப்போகிறது. நீ எப்படித்தான் செய்தாய்?

இன்று வியாழன். நீ செய்வாயே, அப்படி ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்த்தேன். கையை விரித்ததும் களியாக ஒட்டாமல் உதிர்ந்தது. ஆனால் என் மூக்கை நான் நம்பலாமா? ஞானம் அண்ணனைக் கூப்பிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முகர்ந்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்குலா" என்றார். நாளைக் காலைக்குள் அந்தக் கொஞ்சமும் போய்விடுமா?

அவர் போன பிறகு கையை அடிவரைக்கும் விட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது, அக்கா. நீ சேர்த்து வைத்தது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. கருமாதியன்று அழாதவன், கோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

நாளைக்கு ரெபானைப் பிரிக்கச் சொன்னாலும் இந்தத் தூளை மட்டும் கொட்ட மாட்டேன். இன்னொரு இடம் பார்த்து, இதைப் போட்டுத்தான் தொடங்குவேன். உன் தலையணை உறையைத் துவைக்க எடுத்து வைத்திருந்தேன். அதையும் திரும்ப மாட்டிவிட்டேன்.

இனிமேல் கேட்டுவிட்டுக் கழுவும்,
உன் தம்பி