பேர் வெட்டிய டப்பா

எர்ணாவூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கார்குழலிக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் சுகத்தைப் போனில் கேட்டால் “நல்லாகீறேம்மா” என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய். ஜெர்மனிக் குளிரில் காதைக் கட்டிக்கொள்கிறாயா, ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறாயா, எல்லாம் விவரமாக எழுது. இந்தச் சேதியைப் போனில் சொன்னால் “வோணாம்மா” என்று அழுது பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். உன் காலேஜ் ஜூனியர் உஸ்மா இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள்.

கெட்ட வாடை காற்றில் வந்தால் கத்துகிற பெட்டி ஒன்று செய்தாயே, நைனாவுக்கு இழுப்பு வந்த வருஷம், என் பருப்பு டப்பாவை எடுத்து ஓட்டை போட்டு. அதை உங்கள் காலேஜ் இன்னோவேஷன் செல் சார், தான் கண்டுபிடித்ததாகச் சொல்லி விருது வாங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிலோமிதான் போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். பாவி மனுஷன் வேறு டப்பாகூட வாங்கவில்லை, அதே டப்பாவுக்கு நீலப் பெயின்ட் அடித்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லிளிக்கிறான். பெயின்டுக்கு அடியில் ‘ந. பச்சையம்மா’ என்று பாத்திரக்கடையில் வெட்டிய என் பேர் பளிச்சென்று தெரிகிறது. என் வயிறு பற்றி எரிந்தது குழலி, இன்னும் எரிகிறது. உன்னிடம் கேட்டதற்கு, எனக்குத் தெரியும்மா, வாயைத் திறக்காதே, என்னை இதில் இழுக்காதே, இங்கே அடுத்த படிப்பில் சேர அவர்தான் சிபாரிசுக் கடிதம் தர வேண்டும் என்று நைனா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாய்.

சத்தியத்தை நான் மீறவில்லை. காலேஜ் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றத்தான் ஆசை, ஆனால் வாயைத் திறக்கவில்லை. தண்டையார்பேட்டை பேனர் கடைக் காலித்திடம் போய் ஒரு பேனர் அடித்தேன். அந்த ஆள் டப்பாவோடு நிற்கிற படத்தைப் பெரிதாகப் போட்டு, என் பேருக்கு மட்டும் சிவப்பு வட்டம் போட்டு, ‘எங்கள் வீட்டுப் பருப்பு டப்பாவுக்கு விருது வாங்கித் தந்த இன்னோவேஷன் சாரை வாழ்த்தி வணங்குகிறோம்’ என்று எழுதச் சொன்னேன். “கீய வட்டத்துல சொந்தக்காரங்க மூஞ்சில்லாம் போடணுமேக்கா, போட்டோ குடு” என்று காலித் கேட்டான். வட்டத்தையெல்லாம் காலியாக விட்டு, மேலே ‘இன்னும் யார் யார்?’ என்று மட்டும் எழுது என்றேன். சுவரில் கட்டினால்தானே கிழிப்பார்கள்? உன் சித்தப்பா செங்குட்டுவனின் மூணு சக்கர மீன்பாடி வண்டியில் கட்டி காலேஜ் எதிரில் நிறுத்தினோம். வாட்ச்மேன் துரத்தினால் வண்டி அடுத்த கேட்டுக்குப் போகும்.

முதல் நாள் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துச் சிரித்ததோடு சரி. மறுநாள் உஸ்மா வந்து தன் பாஸ்போர்ட் போட்டோவை ஒரு வட்டத்தில் பசை தடவி ஒட்டிவிட்டு அழுதாள். அவள் செய்ததும் அந்த ஆள் பேரில்தான் போயிருக்கிறது. “இப்பல்லாம் நல்ல யோசன வந்தா வாய மூடிக்கினு கெடக்குறோம் ஆன்ட்டி, சாருக்குக் காட்டச் சும்மா ஒரு பொம்மை செஞ்சி வெப்போம்” என்றாள். கேட்டாயா அநியாயத்தை? பிள்ளைகளின் மூளையை வளர்க்கிறேன் என்று போர்டு மாட்டிக்கொண்டு, கறிக்கடைக்காரன் ஆடு வளர்க்கிற மாதிரி வளர்த்திருக்கிறான். சாயங்காலத்துக்குள் கீழ்வரிசை நிரம்பி, இடமில்லாமல் ஓரத்திலும் ஒட்டினார்கள். இப்போது எந்தப் பிள்ளை எதைச் செய்தாலும் நேராகப் பாத்திரக்கடைக்குப் போய்ப் பேர் வெட்டிக்கொள்கிறதாம், கடைக்காரருக்குக் கை ஒழியவில்லை.

அந்த ஆள் நம் டிபன் கடைக்கே வந்தான். “அம்மா, பேசித் தீத்துக்கலாம், பேனரை எடுத்துடுங்க” என்றான். முகம் வாடியிருந்தது, இட்லி வைத்தேன். சட்னி வைக்கவில்லை. விக்கிக்கொண்டே தின்றுவிட்டுப் போனான். அன்றைக்குத்தான் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலேஜில் விசாரணை. கமிட்டிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு, டப்பா உங்களுதுதான், உள்ளே இருக்கிறதை யார் செய்ததுன்னு உங்க பொண்ணுதான் சொல்லணும் என்கிறார்கள். நீ வீடியோவில் வந்து சொல்லாவிட்டால் அந்த ஆள் விருதோடு வீட்டுக்குப் போவான், போட்டோ ஒட்டின பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும். சொன்னால் உன் சிபாரிசுக் கடிதம் போய்விடும். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உன் படிப்புக்காக நைனா காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இழுப்போடு மூட்டை தூக்குவதைப் பார்க்கிறவள் நான். ஆனால் நைனாவையே கேட்டேன். “திருடன் கையெய்த்துல எம் பொண்ணு பெரியாளாவ வோணாம். கொஞ்சம் லேட்டானா இன்னா?” என்றார். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, முடிவு உன்னுடையது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. எண்ணெய் வைக்காமல் தலையைக் காயவிடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் பேர் விளங்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. பேனரின் நடுவில் பெரிய வட்டம் ஒன்று இருக்கிறது. உன்னை இழுக்க மாட்டேன் என்று சொன்ன சொல்லுக்காக அதில் யாரையும் ஒட்டவிடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு போட்டோ அனுப்பு. மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொள்ளாமல், பல் தெரியச் சிரித்தது.

இப்படிக்கு
டப்பாவுக்குச் சொந்தக்காரி,
உன் அம்மா
ந. பச்சையம்மா