உன் கட்டிலுக்கு அடியில் இருக்கும் கெட்டில்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, உன் தம்பி மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் இதற்கு மேலே இப்போது படிக்காதே. முதலில் எழுந்து போய், உன் கட்டிலுக்கு அடியில் செருப்புப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாயே அந்தக் கெட்டில், அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து உட்கார். வேலை நேரத்தில் இந்தக் கடிதம் வந்து சேர்ந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடு. உன்னோடு தங்கியிருக்கும் கும்பகர்ணி அதில் தண்ணீர் வைத்துவிட்டுப் படுத்திருந்தால் ஒயரைப் பிடுங்கிவிட்டு அவளையும் உலுக்கி எழுப்பு. எடுத்துவிட்டாயா? சரி, இப்போது படி.

உங்கள் கப்பலில் ரொட்டி சுடுகிற அக்கா விடுப்பு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறார். விமானத்தில் போய் அடுத்த துறைமுகத்தில் உங்களோடு ஏறிக்கொள்வாராம். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன், உன் கையில் தவிர வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். மூன்று தடவை வாயெடுத்தேன். முதல் தடவை என் ரிப்பேர் கடையில் ஆட்கள் நின்றார்கள். இரண்டாவது தடவை நீ தலைவலி என்றாய், எனக்கு மனசு வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை துணிந்து அந்தக் கெட்டிலைத் தொடாதே என்று ஆரம்பித்தேன், உனக்கு எதைப் பார்த்தாலும் பயம் என்று நீ சிரித்தாய், அதற்குள் லைன் அறுந்துவிட்டது. அதோடு உங்கள் கப்பல் நடுக்கடலுக்குப் போய்விட்டது, அனுப்பிய செய்திகள் எல்லாம் போய்ச் சேராமல் போனிலேயே கிடக்கின்றன. கரையை நெருங்கியதும் அவை உனக்குக் கிடைத்தாலும் நீ சிரித்துத் தள்ளிவிடுவாய். பதினெட்டு வருடமாக மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் கெட்டிலும் கழற்றி மாட்டுகிற எனக்கா எதைப் பார்த்தாலும் பயம்? எனக்கு ஒன்றே ஒன்றைப் பார்த்துத்தான் பயம், அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நீ சந்தோஷமாகச் சொன்ன விஷயம்தான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. பயணிகளின் அறைகளில் கெட்டில், சின்ன மின்சார அடுப்பு, ரொட்டி வாட்டுகிற பெட்டி எல்லாம் வைக்கலாமா வேண்டாமா என்று கம்பெனியில் யோசிக்கிறார்கள், அறைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள், உன் தளத்துக்கு நீதான் எழுதிக் கொடுக்கப் போகிறாய், துறைமுகத்தில் அதிகாரிகள் ஏறும்போது அதை நீட்ட வேண்டும், நன்றாக எழுதினால் மேற்பார்வை வேலை உனக்குத்தான் என்றாய். வைக்கலாம் என்றே எழுதியிருப்பதாகவும் சொன்னாய். கைக்குழந்தையோடு வருகிறவள் பாலுக்கு வெந்நீர் கேட்டால் நீங்கள் நான்கு மாடி இறங்கி ஏற வேண்டியிருக்கிறது, மாத்திரை போடுகிற வயசானவர்கள் பாவம் காத்துக் கிடக்கிறார்கள் என்றாய். நியாயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடைசியில் ஒரு வரி வாசித்துக் காட்டினாயே, பழுது பார்த்த பழைய கெட்டில் ஒன்று இதே கப்பலில் ஓர் அறையில் இரண்டு வருடமாகத் தினமும் ஓடுவதை நீயே பார்த்திருப்பதாகவும், அதனால் ஒரு சின்ன ஆபத்துகூட வந்ததில்லை என்றும். யாருடைய அறை என்று சொல்லாமல் சாமர்த்தியமாக எழுதியிருக்கிறாய், அப்படியே உன் அப்பா புத்தி. அந்த வரியைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கே விட்டேன்? தம்பிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்று, ஒரு வாரமாகப் பேச முடியாமல் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறான், வீடு நிம்மதியாக இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பஸ் ஓட்டுவதை விட்டு மூன்று வருடம் ஆகியும் சோபாவில் உட்கார்ந்தால் வலது கால் இன்னும் பிரேக்கைத் தேடுகிறது. உன் அறிக்கையைப் பற்றிச் சொன்னேன், ஐம்பது பேர் ஏறுற பஸ்ஸுல ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு அடுப்பு குடுத்தா நான் சாவியை வீசிட்டு வீட்டுக்கு வந்துருப்பேன் என்றார். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு என்னென்னவோ எழுதுகிறேன் பார். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அந்த நிலைமைதான் எனக்கு.

நீ கப்பலுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அந்தக் கெட்டிலைச் செய்து கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? உனக்கு மாதாமாதம் வயிற்று வலி வரும், வெந்நீர் குடித்தால்தான் அடங்கும், வேற்று மனிதர்களிடம் போய் எப்படிக் கேட்பாய் என்று எனக்குக் கவலை. நல்ல கெட்டிலில் தண்ணீர் கொதித்ததும் தானாக அணைகிற சுவிட்ச் ஒன்று இருக்கும். அதற்குக் கீழே சின்னதாக ஒரு தகடு இருக்கும், தண்ணீர் வற்றிப்போய் வெறும் கெட்டில் சூடேறினால் அது மின்சாரத்தை வெட்டிவிடும். அந்தக் கெட்டிலில் இரண்டுமே போயிருந்தன. புதிது கடையில் இருப்பு இல்லை, வாங்கி வர நேரமும் இல்லை. அதனால் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு ஒயரை நேராக இணைத்துவிட்டேன். எங்கள் தொழிலில் இதற்கு டைரக்ட் கொடுப்பது என்று பேர். அவசரத்துக்கு எல்லாரும் செய்வதுதான், ஆனால் செய்தால் மறுநாளே கழற்றிச் சரிபண்ண வேண்டும். நீ அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, கெட்டில் தானாக அணையவில்லை என்று சொன்னாய், நீயே பார்த்து அணைத்துக்கொள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். கீழே இருக்கிற தகடும் இல்லை என்று சொல்லவே இல்லை. சொன்னால் நீ அதைத் தொட மாட்டாய், வலியோடு கிடப்பாய் என்று நினைத்தேன். அது ஒரு காரணம். அம்மா கை வைத்தால் பொருள் மறுபடி கடைக்கு வராது என்று நீ எல்லாரிடமும் பெருமை பேசுவாய், அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு இல்லை என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று இப்போது தெரிகிறது.

அதே வாரம் அதே மாதிரி இன்னொரு கெட்டிலுக்கும் டைரக்ட் கொடுத்தேன். பக்கத்துக் கடைத் தையற்கார அண்ணனுடையது. இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் கருகல் வாடை வந்தது, என் கடையில்தான் ஏதோ மோட்டார் காயில் புகைகிறது என்று எல்லாவற்றையும் அணைத்தேன், வாடை நிற்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் தையல் கடையிலிருந்து கறுப்புப் புகை. அண்ணனின் சம்சாரம் கெட்டிலைப் போட்டுவிட்டு, யாரோ அளவு கொடுக்க வந்தார்கள் என்று திரும்பியிருக்கிறார், அவ்வளவுதான். தண்ணீர் வற்றி, அடிப்பாகம் உருகி மேஜை மேல் ஓடி, தீ மேஜையிலிருந்து திரைச்சீலைக்கு ஏறிவிட்டது. பள்ளிக்கூடச் சீருடைத் துணி முழுவதும் போயிற்று. எல்லாரும் தெருவுக்கு ஓடிவந்துவிட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தெரு இருந்தது, ஓடிவந்தார்கள். அடியே, உனக்குத் தெரு எங்கே இருக்கிறது? அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். ஜன்னல் இல்லாத அறை, தண்ணீருக்குக் கீழே இருக்கிற தளம், ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் நடைபாதை என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அறையைச் சோதனை போட வந்தால் கெட்டிலைப் போர்வையில் சுற்றி வை என்று சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். சூடாக இருக்கும்போதே சுற்றி வைத்திருப்பாயோ என்று நினைத்துப் பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

அந்தக் கருகின கெட்டிலைத் தையற்கார அண்ணன் என்னிடமே கொண்டுவந்தார், இதை இனிமேல் சரிபண்ண முடியுமா என்று கேட்டார். அடியைத் திருப்பிப் பார்த்தேன், நான் முறுக்கின ஒயர் முறுக்கு அப்படியே இருந்தது. முடியாது அண்ணா என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி மூன்று வாரம் மறைத்தேன். உன் அறிக்கை விஷயம் கேட்ட பிறகுதான் உட்கார முடியவில்லை, நேற்றுப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார், "மூணு வாரமா என் சம்சாரத்தை நான் பேசாத பேச்சு இல்ல தங்கச்சி. நீதான் மறந்துட்ட, நீதான் கடையை எரிச்சன்னு. அவ திரும்ப ஒரு வார்த்தை பேசல." உள்ளே அந்த அண்ணி பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பொத்தானைத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

இதுதான் உன் அறிக்கைக்கு நான் சொல்ல வேண்டியது, வேறு பெரிய அறிவுரை என்னிடம் இல்லை. அறையில் ஒரு பொருளை வைத்துவிட்டால், எரிந்தால் பழி கடைசியாகத் தொட்டவர் தலையில். பயணி மறந்துவிட்டார் என்பார்கள், இல்லாவிட்டால் அறையைத் துடைக்கப் போனவள் சரியாகப் பார்க்கவில்லை என்பார்கள். உள்ளே தகடு இருந்ததா, ஒயரை யார் முறுக்கினார்கள் என்று யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். கம்பெனி வாங்குவது புதுச் சாமான், நல்ல சாமான் என்பாய். இருக்கட்டும். ஆயிரம் அறையில் ஆயிரம் கெட்டில் இருந்தால் மாதம் பத்தாவது பழுதாகும், உங்கள் கப்பலிலும் அவசரத்தில் டைரக்ட் கொடுக்க என்னை மாதிரி ஒருத்தர் இருப்பார். மனிதர்கள் கெட்டிலில் என்னென்ன செய்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. என் கடைக்கு வந்த கெட்டில்களில் முட்டை வேகவைத்ததைப் பார்த்திருக்கிறேன், பால் பொங்கி ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன், ஒருவர் காலுறை துவைத்திருந்தார், கேட்டால் வெந்நீர்தானே என்றார். அப்படிப்பட்டவர் கையில் அடுப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? தளத்துக்கு ஒரு வெந்நீர் அறை வைக்கச் சொல்லி எழுது, பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் போடச் சொல்லு. பாலுக்கு வெந்நீர் கேட்கிறவளுக்கும் கிடைக்கும், நீங்களும் நான்கு மாடி இறங்க வேண்டாம். இல்லை, வைக்கலாம் என்றே உனக்குத் தோன்றினால் அப்படியே எழுது, நீ படித்தவள், அங்கே இருப்பவள். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடு. இரண்டு வருடம் அந்தக் கெட்டில் உன்னை எரிக்காமல் விட்டது அதன் நல்ல குணத்தால் இல்லை, நீ பக்கத்திலேயே நின்று அணைத்ததால். அதை நம்பி யாரும் எதையும் எழுதக் கூடாது.

உண்மையைச் சொன்னால் ஒளித்து வைத்தது வெளியே வரும், உன் வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது, மறைக்கவில்லை. மேற்பார்வை வேலை கையை விட்டுப் போனாலும் போகட்டும். யாராவது கேட்டால் என் அம்மா தெரியாமல் கொடுத்துவிட்டாள் என்று சொல்லாதே, தெரிந்தே கொடுத்தாள் என்று சொல். இன்று காலை அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய், நம் வீட்டுச் சமையலறையில் இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு வந்து, இன்னைக்கே எழுதிக் குடு என்று மட்டும் சொன்னார்.

இப்போது செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொள். கெட்டிலைக் கடலில் போடாதே, கும்பகர்ணிக்குத் தானமும் பண்ணாதே. ஒயரோடு இருக்கிற பிளக்கைக் கத்தரியால் வெட்டு, சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு வெட்டு, இதையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார். நம் வீட்டு விலாசம் எழுதின கவர் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், அந்தப் பிளக்கை அதில் போட்டுத் துறைமுகத்திலேயே தபாலில் சேர்த்துவிடு. வெட்டிவிட்டேன் அம்மா என்று போனில் சொன்னால் நான் நம்ப மாட்டேன், நானும் போனில் எத்தனையோ சொல்லாமல் விட்டவள்தான். வயிற்று வலிக்கு ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று ரொட்டிக்கார அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், அவர் அடுப்படியில் தினமும் வெந்நீர் நிரப்பித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார், வெட்கப்படாமல் போய்க் கேள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே, கோபத்தில் அம்மாவோடு பேசாமல் இருந்துவிடாதே. நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், உன்னோடு அந்தக் கப்பலில் இருக்கிற முகம் தெரியாத அத்தனை பேரும் நன்றாக இருக்க வேண்டும். தையல் கடையில் எரிந்த கெட்டிலின் பிளக்கை, வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி என் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன், கேட்கிறவர்களுக்கு நான் செய்த வேலை என்று சொல்கிறேன். அதன் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். அது வெறுமனே இருக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அதனாலேயே தப்புச் செய்த,
உன் அம்மா