லகரப் பொத்தான் பற்றிக் கீழ்மடையூர்ச் சபையார்க்கு

வயல் நிறைய நீரும், கரைக்குள் அடங்கிய ஆறும் வாய்க்க. காரிமலைக்கும் கடம்பாற்றுக்கும் உடையவர், மூன்று கோட்டையையும் ஒரு குடைக்கீழ்க் காப்பவர், பெருமாட்டி செங்கழுநீர்த் தேவியார் திருவாய் மலர்ந்தருள, கீழ்மடையூர்ப் பெருங்குடிச் சபையார்க்கும், அவர்தம் நிலத்துக்கும் கன்றுகாலிக்கும் நலம் கூறி விடுக்கும் ஓலை.

இதைக் கீறுபவன் அரண்மனை எழுத்தர்க்குத் தலைவனாகிய ஓலைநாயகம் அதியமல்லன். இதில் குற்றவாளியாக நிற்பவனும் அவனே. தன் பிழையைத் தன் கையாலேயே, அயலான் பிழையை எழுதுவது போல, ஓர் எழுத்தும் மழுப்பாமல் எழுதக் கடவன் என்பது தேவியார் ஆணை. இருபத்தாறு ஆண்டு ஊரார் பிழையை எழுதிக் குவித்தவனுக்கு, அந்த இடத்தில் தன் பெயரை எழுத எழுத்தாணி ஓடவில்லை. ஆயினும் எழுதுகிறான், கேட்டருள்க.

சென்ற பங்குனியில், நாட்டின் அணைகளிலும் சுங்கச் சாவடிகளிலும் அமர்ந்த எழுத்தர்க்கெல்லாம் ஒரே வகைக் கைப்பேசி வழங்குவதென அரசவை முடிவு செய்தது. வணிகர் இரண்டு வகை கொணர்ந்தனர். ஒன்று முகம் முழுதும் கண்ணாடியாய் வழவழவென்றிருந்தது. மற்றொன்று பாதி திரையும் பாதி பொத்தானுமாய் இருந்தது. நாற்பது நாள் இரண்டையும் ஆய்ந்து தக்கதைச் சொல்லும் பொறுப்பு அதியமல்லனிடம் வந்தது.

ஆய்வாவது ஒன்றாவது! முதல் நாளே அவன் மனம் முடிவு கட்டிவிட்டது. ஓலை எழுதுவோர் இடக்கைக் கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் சிறு பள்ளம் வெட்டி, எழுத்தாணியை அதிலே சார்த்தி எழுதுவர். அதியமல்லனுக்கு அந்த நகத்தில் அத்தனை பெருமை. அதற்கு நல்லெண்ணெய் தடவாத நாளில்லை. கண்ணாடிக் கைப்பேசியோ நகத்துக்கு மசியவில்லை. தட்டினான், கீறினான், அது சும்மா கிடந்தது. பொத்தான் கைப்பேசி நகம் பட்டதும் டக்கென்று பணிந்தது. அவனுக்கு அதுவே போதுமாயிருந்தது.

பாராமலே எழுதலாம், நனைந்த விரலுக்கும் பணியும், ஒருமுறை மின்னேற்றினால் மூன்று நாள் தாங்கும், திரை சிறிதாயினும் அலுவலுக்குப் போதும் என்று அறிக்கையில் புகழ்ந்தான். இவை எல்லாம் மெய்யே. அவன் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு.

நம் எழுத்துக்கெல்லாம் தனித்தனிப் பொத்தான் வைக்க அச்சிறு பலகையில் இடமேது? ஆகவே ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே பொத்தான்: ஒருமுறை அமுக்கினால் லகரம், இருமுறைக்கு ளகரம், மும்முறைக்கு ழகரம். ஆய்வுக்கு வந்த எழுத்தர் பன்னிருவரில் ஒருத்தி உங்கள் ஊர் மகள், மேலணை எழுத்தர் நல்லமங்கை. இருபதாம் நாளே அவள் வந்து முறையிட்டாள். அவள் சொன்னதை அவள் வாய்ச்சொல்லாகவே எழுதுக என்பதும் ஆணை: “நாயகரே, இந்த லகரப் பொத்தான் ஒரு அமுக்கை ரெண்டா எண்ணுது. உங்க நகத்துக்கு அது தெரியாது. எங்க விரலுக்குத் தெரியுது.”

அதற்கு அதியமல்லன், “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றான். மற்றப் பதினொருவரும் சிரித்தனர். நல்லமங்கை கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அன்று மாலை அவன் தனியே அமர்ந்து, விரற்சதையால் அப்பொத்தானை அமுக்கிப் பார்த்தான். பத்துக்கு மூன்று முறை ளகரம் விழுந்தது. அறிக்கையின் ஏழாம் ஏட்டில் அதை எழுதவும் செய்தான். எழுதியதை வாசித்தான்; நகத்தைப் பார்த்தான். பிறகு அந்த ஏட்டை உருவி அடுப்பில் இட்டு, எட்டாம் ஏட்டுக்கு ஏழென்று எண்ணிட்டான். அவ்வறிக்கையை நம்பி அரசவை பொத்தான் கைப்பேசியையே நாடெங்கும் வழங்கிற்று.

ஐப்பசிப் பெருமழையில் மேலணை நிரம்பிய பகலில், கரையில் நனைந்தபடி, நீரிரைச்சலில் பேச்சுக் கேளாதென்று, நல்லமங்கை உங்கள் மணிக்காவலர்க்குக் கைப்பேசியில் எழுதியது: மணியை உடனே ஒலிக்கவும். பாராமலே எழுதினாள், அறிக்கை அப்படித்தான் சொல்லியிருந்தது. வந்து சேர்ந்தது: மணியை உடனே ஒளிக்கவும். வெண்கலத் திருடர் பயம் இருந்த காலம் அது. மணிக்காவலர் நம்பிச்சாத்தன், நல்லமங்கையின் உடன்பிறந்த அண்ணன், தங்கை சொல்லைத் தட்டாதவர். மணியை இறக்கி, வைக்கோற்போரில் புதைத்து, அதன்மேலேயே காவல் அமர்ந்தார்.

மணி ஒலித்தால் மேட்டுக்கு ஏறுவது உங்கள் வழக்கம். அன்று எவரும் ஏறவில்லை. நாற்பத்தொரு வீடு போயிற்று. ஊரார் கூரையையும் மரத்தையும் பற்றிப் பிழைத்தனர். நீர் வடிந்தபோது நம்பிச்சாத்தன் மணியைக் கட்டிக்கொண்டு கிடந்தார்.

அண்ணனைக் கொன்றவள் என்று நல்லமங்கைக்கு நீரும் நெருப்பும் மறுத்து, வரும் நிறைமதியன்று ஊர் நீக்கம் செய்யத் தீர்மானித்தீர்கள். அவள் தன் பக்கம் ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். எப்படிச் சொல்வாள்? ஒருமுறை சொல்லி அவள் பெற்ற மறுமொழி அந்தப் பழமொழிதானே. அதை நினைத்தான் அதியமல்லன். தானே போய்த் தேவியார் அடியில் விழுந்து, எரித்த ஏட்டைச் சொன்னான். பாவி, வாயைத் திறக்க ஓர் உயிர் போகவேண்டியிருந்தது.

இவ்வரிமுதல் எழுத்துக் கோணியிருப்பதைச் சபையார் பொறுக்க. ஆணைப் பகுதியை எழுதுமுன் அவன் தன் நகத்தை வெட்டிவிட்டான். அது இவ்வோலையோடு முடிந்து கட்டப்பட்டுள்ளது.

ஆணையாவது: நல்லமங்கை மேல் பழியில்லை, ஊர் நீக்கத் தீர்மானம் செல்லாது. சபையார் தாமே அவள் வாசலுக்குச் சென்று அழைத்து வந்து, அண்ணனுக்குரிய சடங்கை அவளை முன்னிறுத்திச் செய்க. நாட்டிலுள்ள பொத்தான் கைப்பேசி அனைத்தும் திரும்புக; இனி வருவது எதுவாயினும் நல்லமங்கை ஆய்ந்து ஒப்பினாலன்றி எவர் கையிலும் சேரலாகாது. அதியமல்லன் ஓலைநாயகப் பதவி இழந்தான். நாற்பத்தொரு வீடும் எழும்வரை கீழ்மடையூரில் மண் சுமப்பான்.

ஆற்றுமீன் முத்திரை இட்டுத் தேவியார் விடுத்த இவ்வோலையை அவனே கொண்டுவந்து, நம்பிச்சாத்தன் ஒளித்த மணியை ஒலித்துச் சபை கூட்டி, முதலெழுத்து முதல் உரக்க வாசிக்கக் கடவன். வாசித்து முடித்து, சபையார் நல்லமங்கையை அழைத்து வந்ததும், அந்த அதியமல்லன் யாரென்று எவரும் கேட்குமுன், அவள் முகம் பார்த்து, “நான்தான் அம்மா” என்று சொல்லக் கடவன்.