மெஸூதாவின் கிண்ணத்தில் மிளகாய்த்தூள்

அன்புள்ள மகளே,

நலமா என்று முதலில் கேட்பதுதான் முறை, கேட்டுவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்த மாண்ட்ரியல் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே உன் அப்பாவுக்குக் காது இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது, முட்டிவலி அப்படியே இருக்கிறது, சாப்பாட்டில் மட்டும் ஒரு குறையும் இல்லை. எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை, கோபம்தான். அதில் பாதி கவுன்சில்காரர்கள் மேல், கால்வாசி உன் அண்ணன் விக்தோர் மேல், மிச்சம் உன் மேல். போன வாரம் போனில் சிரித்துக்கொண்டே "ஒரு தகரக் கிண்ணத்துக்காம்மா மியூசியத்துல போய் ரகளை பண்ணுன, அண்ணன் வெளிய தலைகாட்ட முடியலங்கிறான்" என்று கேட்டாயே, நான் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். லைன் அறுந்துபோனது என்று நினைத்திருப்பாய், அறுந்துபோகவில்லை, நான்தான் வைத்தேன். பேசினால் கத்திவிடுவேன், கத்தினால் நீ "அம்மாவுக்கு பிரஷர்" என்று அண்ணனிடம் சொல்லுவாய், அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி, பாதியில் அடுப்பைப் பார்க்க எழுந்து போகாதே.

நம் ஊர் ஆரஞ்சு கட்டும் கொட்டகை ஞாபகம் இருக்கிறதா, அதற்கு வெள்ளையடித்து, ஏசி போட்டு மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். லிபியாவிலிருந்து இஸ்ரேலுக்கு வந்த யூதர்கள் கட்டிய ஊர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்க்கட்டும், நல்ல எண்ணம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. இதற்கென்று கவுன்சிலில் நோகா என்று ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். டெல் அவிவ்காரி, நிறையப் படித்தவள், மரியாதையானவள், எதைக் காட்டினாலும் "ஐயோ, என்ன அழகு" என்பாள். வீடு வீடாக வந்து பழைய சாமான் கேட்டாள். எதிர்வீட்டு எஸ்தெரீனா தன் கல்யாண வெள்ளி ஒட்டியாணத்தைக் கொடுத்தாள், இன்னும் யாரோ குஸ்குஸ் வேகவைக்கிற பானை கொடுத்தார்கள். நான் அலமாரி மேலிருந்து அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்றால், உன் அண்ணி போன வருஷம் வீடு ஒதுக்குகிறேன் பேர்வழி என்று அதைப் பழைய சாமான் பையில் போட்டுவிட்டாள், வாசலில் வைத்துப் பிடித்தேன். நான் கண்ணை மூடிய மறுநாளே அது குப்பைக்குப் போய்விடும், மியூசியத்தில் என்றால் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். நோகாவை உட்கார வைத்து, டீ கொடுத்து, அதன் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். கேட்டாள், கண்கூடக் கலங்கினாள்.

உனக்கும் சொல்லியிருக்கிறேன், நீ காதில் வாங்கவில்லை, அப்போது உனக்குத் தலைமுடியை நேராக்குவதுதான் பெரிய வேலை. இன்னொரு தடவை சொல்கிறேன். எனக்கு ஏழு வயது. பெங்காசியில் எங்களை வீட்டை விட்டு வெளியே வரச் சொல்லி, அப்போது லிபியாவை ஆண்ட இத்தாலிக்காரர்கள் லாரியில் ஏற்றினார்கள். ஹிட்லருடைய கூட்டாளிகள்தானே, யூதன் என்றால் அவர்களுக்கும் இளக்காரம். பாலைவனத்தில் நாள் கணக்காக ஓட்டி, ஜாதோ மலைமேல் பழைய ராணுவக் கொட்டடியில் இறக்கினார்கள். சுற்றிலும் முள்கம்பி. போர்வையைத் தொங்கவிட்டால் அதுதான் சுவர், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். ரொட்டி என் உள்ளங்கை அளவுகூட இருக்காது. ஒரு சிப்பாய் தூக்கி எறிந்த கிண்ணத்தை என் அம்மா பொறுக்கிக்கொண்டு வந்தாள், தண்ணீர், கஞ்சித்தண்ணி எல்லாம் அதில்தான். என் தங்கை மெஸூதாவுக்கு மூன்று வயது, பசித்தால் அழமாட்டாள், கிண்ணத்தின் விளிம்பைக் கல்தரையில் டங் டங் என்று தட்டுவாள். நாள் முழுக்கத் தட்டுவாள். அடுத்த போர்வைக்காரர்கள் "அந்தக் கழுதைய நிறுத்தச் சொல்லு" என்று கத்துவார்கள். அந்த விளிம்பில் ஒரு நெளிவு இருக்கிறதே, அது அவள் தட்டி விழுந்தது. அப்புறம் பேன் வந்தது, பேனோடு விஷக்காய்ச்சல் வந்தது, கொட்டடி கொட்டடியாகச் செத்தார்கள். ஒரு நாள் காலையில் சத்தம் இல்லை, நான் அம்மாவிடம் "இன்னிக்கு இவளுக்குப் பசிக்கலியா" என்று கேட்டேன். அப்பா அவளைத் துணியில் சுற்றி மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார், வெறுங்கையோடு வந்தார். அதற்குப் பிறகுதான் ஆங்கிலேயச் சிப்பாய்கள் வந்து கதவைத் திறந்துவிட்டார்கள்.

அதன் பிறகு என் அம்மா அந்தக் கிண்ணத்தில் சாப்பிடுகிற பொருள் எதையும் போடவிட்டதில்லை, நானும் விட்டதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, பஸ்காவுக்கு முன்னால் நிசான் மாதம் பிறக்கிற இரவு, உன் அப்பா வறுத்த ப்ஸீஸா மாவில் எண்ணெய் ஊற்றி வீட்டுச் சாவியால் கலக்குவாரே, அன்றைக்கு மட்டும் மேசைக்கு வரும், வெறுமனே இருக்கும், திரும்ப அலமாரிக்குப் போகும். நீ சின்னவளாக இருக்கும்போது இது யாருக்கு என்று கேட்டாய், மெஸூதாவுக்கு என்றேன். உன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் மாவு வைத்தீர்கள், என் கிண்ணத்தில் மட்டும் ஏன் ஒன்றும் வைக்கவில்லை என்று நீ அழுத அழுகை இருக்கிறதே, உன் அப்பாவுக்குச் சமாதானம் பண்ணவே தெரியவில்லை.

சரி, திறப்பு விழாவுக்கு வருகிறேன். நாற்காலி போட்டு, ஜூஸ் கொடுத்து, கவுன்சில் தலைவர் பேசு பேசு என்று பேசினார். விக்தோர் முதல் வரிசையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அடுத்த தேர்தலில் நிற்கிற ஆசை அவனுக்கு. பேச்சு முடிந்து உள்ளே விட்டார்கள். முதல் அறைக்கு "நம் மரபு" என்று பெயர். ஒட்டியாணம், கல்யாணத் துணி, குஸ்குஸ் பானை, பின்னால் பாட்டு வேறு ஓடுகிறது. அந்தப் பானைக்குப் பக்கத்தில், கண்ணாடிகூட இல்லாமல், வெள்ளை மேசைவிரிப்பின் மேல் என் கிண்ணம். அதில் சிவக்கச் சிவக்க மிளகாய்த்தூள் குவித்து, மேலே சீரகத்தைத் தூவியிருந்தார்கள். பக்கத்தில் சீட்டு: "மசாலாக் கிண்ணம், லிபிய யூதரின் அடுப்படி." எஸ்தெரீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள், "ரூபினா, வேண்டாம்டி, வா வெளிய போவோம்" என்றாள். எனக்குக் காது அடைத்துப்போனது. நோகாவைக் கூப்பிட்டு, "ஏம்மா, நான் உனக்கு என்ன சொன்னேன், நீ என்ன பண்ணி வச்சிருக்க" என்று கேட்டேன். அவள் சிரித்த முகம் மாறாமல், "ரூபினாம்மா, கலர் கொஞ்சம் வேணும்னுதான், பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்ல" என்றாள்.

பக்கத்து அறை கறுப்புச் சாயம் அடித்தது. ஹிட்லர் யூதர்களைக் கொன்று குவித்த பேரழிவைப் பற்றிய அறை. ஆஷ்விட்ஸ் படங்கள், மெழுகுவர்த்திகள், சுவர் நிறைய ஒரு வரைபடம். நான் அதைத்தான் தேடிப் போனேன். போலந்து இருந்தது, ஹங்கேரி இருந்தது, கீழே கிரீஸ் இருந்தது, அதற்கும் கீழே நீலமாகக் கடல், கடலோடு படம் முடிந்துவிட்டது. கடலுக்கு இந்தப் பக்கம் ஆளே இல்லாத மாதிரி. லிபியாக்காரர்கள் கட்டிய ஊரில், லிபியாக்காரர்களின் மியூசியத்தில் இப்படி. நான் நோகாவிடம் "நாங்க எங்கம்மா" என்று கேட்டேன். "மியூசியக் கமிட்டி முடிவும்மா. இந்த அறைக்குப் பாடத்திட்டம் இருக்கு, ஐரோப்பாவுல நடந்ததுதான் பரீட்சைக்கு வரும். உங்களோடது வந்து… அது வேற மாதிரி கஷ்டம்" என்றாள். வேற மாதிரி கஷ்டமாம். "எங்கள எல்லாம் கல்யாணத்துக்கா லாரியில ஏத்திட்டுப் போனாங்க" என்று கேட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும். மகளே, அந்தப் படங்களில் இருக்கிறவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை, எலும்பும் தோலுமாக நிற்கிற அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு ஜாதோதான் ஞாபகம் வருகிறது. அவர்கள் இடத்தை நான் கேட்கவில்லை, பக்கத்தில் ஒரு கிண்ணம் வைக்கிற இடம்தான் கேட்டேன்.

அப்புறம் நடந்ததைத்தான் உன் அண்ணன் ரகளை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறான். நான் முதல் அறைக்குத் திரும்பிப் போனேன், மிளகாய்த்தூளை அந்த வெள்ளை விரிப்பிலேயே கவிழ்த்தேன், தலைத்துணியை அவிழ்த்துக் கிண்ணத்தை உள்ளும் புறமும் துடைத்தேன். நெடி ஏறி நாலு பேர் தும்மினார்கள், தலைவரும் தும்மினார். கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கறுப்பு அறைக்குப் போய், வரைபடத்துக்குக் கீழே தரையில் வைத்தேன். விக்தோர் பல்லைக் கடித்துக்கொண்டு "அம்மா, மானத்த வாங்காத" என்றான். "உன் மானம் தேர்தல்ல நிக்குதுடா, எங்க மானம் மசாலாவுல கிடந்துச்சு, அப்ப நீ ஜூஸ் குடிச்சிட்டிருந்த" என்றேன். காவல்காரர் வந்து எதையும் இடம் மாற்றக் கூடாது என்றார். அப்போது உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, ஒரு நாற்காலியை இழுத்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் திரிபோலிக்காரர், ஜாதோவைப் பார்த்தவரில்லை. "நான் எந்திரிக்கணும்னா என் முட்டிகிட்ட பேசுங்க, அது என் பேச்சையே கேக்கறதில்ல" என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அன்றைக்கு அவரைப் பிடித்த மாதிரி எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். இது என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். கிண்ணத்தை எடுத்துத் தரையில் தட்டியும் காட்டினேன். டீச்சர் இதெல்லாம் பாடத்தில் இல்லை என்று முணுமுணுத்தாள், அது எங்கள் தப்பில்லையே என்றேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை, நீதான் சிரித்தாய்.

மூன்று நாள் கழித்து நோகா வீட்டுக்கு வந்தாள், கையில் பிஸ்கட் பெட்டி. நான் தொடவில்லை, உன் அப்பா தொட்டார். கிண்ணம் கறுப்பு அறையிலேயே இருக்கலாமாம், ஆனால் தற்காலிகமாகத்தானாம், கமிட்டி கூடி முடிவு செய்யுமாம். வரைபடத்தை மாற்றப் பணம் இல்லையாம். அதனால் உன் அப்பா ஆரஞ்சு அட்டைப்பெட்டியைக் கிழித்து, கரித்துண்டால் லிபியாக் கரையை வரைந்து கொடுத்தார், பார்க்கக் கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது, அதைக் கடலுக்குக் கீழே ஒட்டியே ஆக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு ஒன்றும் ஆறவில்லை. தற்காலிகமாம். செத்தவள் என்ன தற்காலிகமாகவா செத்தாள்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. சீட்டில் எழுத வேண்டும், பிள்ளையின் பெயர் என்ன என்று நோகா கேட்டாள். மெஸூதா என்றேன். உன் அப்பாவுக்குப் பாதிதான் காதில் விழுந்தது, பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "அவளையா கூப்பிடுற? அவ கனடாவுலதானே இருக்கா" என்றார். நோகா விழித்தாள். உங்கள் மகள் பெயர் மாயா என்றுதானே விக்தோர் சொன்னார் என்று கேட்டாள். நீ பிறந்தபோது, செத்த குழந்தையின் பெயரை வைக்காதே, ஆகாது என்று என் மாமியார் ஒற்றைக்காலில் நின்றாள், கெஞ்சவில்லை, சண்டை போட்டு உனக்கு வைத்தேன். பள்ளிக்கூடத்தில் கிழவி பெயர் என்று கேலி செய்தார்கள் என்று நீ அழுதது தெரியும். விமானம் ஏறியதும் அதை மாயா என்று வெட்டிக்கொண்டாய், கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான், நான் அன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கமிட்டிக்காரர்கள் அவளை அறையை விட்டு வெளியே வைத்தார்கள் என்று ஊரைக் கூட்டினேனே, நீ மட்டும் என்ன செய்தாய்? அவளுக்கு ஒரு வாழ்க்கையும் இல்லை, பெயர் ஒன்றுதான் இருந்தது, அதை உன்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தேன்.

சரி, இவ்வளவு திட்டியும் நீ என் பிள்ளைதான். நம் ஆதித்தாய்மார் சாராவுக்கும் ரெபெக்காளுக்கும் ராகேலுக்கும் லேயாளுக்கும் கிடைத்த ஆசி உனக்கும் உன் பெண்ணுக்கும் கிடைக்கட்டும், உன் வீட்டு வாசலில் காய்ச்சலும் கஷ்டமும் மிதிக்காமல் இருக்கட்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள், பையனுக்கு அந்த மெல்லிசு கோட்டு போதாது. நிசான் பிறக்கப் போகிறது. இந்த வருஷம் எங்கள் மேசையில் கிண்ணம் இருக்காது, மியூசியத்தில் இருக்கும். உன் மேசையில் ஒன்றை வை, வெறுமனே வை, பிள்ளைகள் இது யாருக்கு என்று கேட்டால் பெயரைச் சொல்லு. இந்தக் கவரின் மேலும் உன் முழுப் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். தபால்காரன் வந்து இந்தப் பெயரில் இங்கே யாராவது உண்டா என்று கேட்டால், உண்டு என்று சொல்லி வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
மெஸூதாவின் அக்கா, மெஸூதாவின் அம்மா,
ரூபினா