அரைக் கட்டை வித்தியாசம்

பெப்ரவரி 11, செவ்வாய்

இன்று சூப்பில் உப்புக் கூடிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் இத்தனை வருடம் நிற்கிறேன், இப்படி நடந்ததில்லை. என் யோசனை முழுக்க மனைவி சிவகலாவிடம் இருந்தது. நேற்று ஒத்திகை முடிந்து வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்துவிட்டாள்.

“எல்லாத்தையும் மாத்தப்போறாங்களாமப்பா.”

நாங்கள் இருக்கிற ஓல்டன் நகரில் ஒரு ட்ரம் கோர் இருக்கிறது. மேளமும், பியூகிள் என்கிற பித்தளை ஊதுகுழலுமாக நடந்துகொண்டே வாசிக்கிற கூட்டம். ஒன்பது வருடத்துக்கு முன் மகள் மிதுஷா மேளம் பழகவென்று போனாள். கூட்டிக்கொண்டு போன தாய் வாசலில் விறைக்கிறாளே என்று உள்ளே கூப்பிட்டுக் கையில் ஒரு பியூகிளைக் கொடுத்தார்கள். மகள் ஆறு மாதத்தில் விட்டுவிட்டாள். தாய் இன்றுவரை விடவில்லை.

அந்தப் பியூகிள்கள் எல்லாம் ‘ஜி’ சுருதி. நம் கணக்கில் ஐந்து கட்டை. சிறு வயதில் சுன்னாகத்தில் சங்கீத ரீச்சர் இவளுக்கு வைத்துக்கொடுத்த சுருதியும் ஐந்துதான். அதனால் ஒரு பெருமை இவளுக்குக் கிடைத்தது. நிகழ்ச்சி தொடங்கும்போது யாரும் வாசிப்பதில்லை. இவள் மட்டும் வாய் திறக்காமல் ஒரு ஸ்வரத்தை முனகுவாள். அதைப் பிடித்து நாற்பது பேரும் முனகுவார்கள். அதன்மேல் பியூகிள்கள் வந்து இறங்கும். இவள் பிழைவிட்டால் எல்லாம் பிழையாகும். எந்தக் கருவியும் பார்க்காமல், வெறும் காற்றிலிருந்து அந்த ஐந்தை எடுத்துக் கொடுப்பாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் கை மயிர் சிலிர்க்கும்.

இப்போது ஜி பியூகிளுக்கு உதிரிப்பாகம் கிடைப்பதில்லையாம். புதிதாக வருகிற இளசுகள் கொண்டுவரும் ட்ரம்பெட்டும் அதோடு சேராதாம். எல்லாவற்றையும் ‘B’ சுருதிக்கு மாற்றுகிறார்கள். புது வாத்தியங்கள் மே மாதம் வரும். அதற்குள் காதைப் பழக்கிவிடச் சொன்னாராம் நடத்துநர் ரேட்டோ. இவளால் முடியாவிட்டால் ஒரு உலோகத் தகட்டைத் தட்டிச் சுருதி கொடுக்கலாம் என்றும் சொன்னாராம்.

“மரியாதையாத்தான் சொன்னவர்,” என்றாள். அதுதான் இவளுக்குக் கூடுதலாக வலித்திருக்கிறது.

பெப்ரவரி 12, புதன்

பல் தீட்டும்போது ஐந்து கட்டையில் முனகினாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

மார்ச் 2, ஞாயிறு

போனில் சுருதிப்பெட்டி. ‘B’ என்று அழுத்தி வைத்திருக்கிறாள். ஏழு கட்டை. சோறு வடிக்கும்போது, சேட்டு அயன் பண்ணும்போது, எந்நேரமும் அந்த இரைச்சல். தேனீக்கூட்டுக்குள் குடியிருக்கிற மாதிரி இருக்கிறது. குறை சொல்லவும் வாய் வரவில்லை. நாற்பத்தேழு வயதில் மற்றவர்கள் முழங்கால் நோவைப் பற்றிக் கதைக்கிறார்கள். இவள் சிறு வயதிலிருந்து காதில் இருப்பதைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை மாட்டப் பார்க்கிறாள்.

“ஏலுமோ கலா?” என்று கேட்டேன்.

“ஏலும் எண்டுதானே செய்யிறன்.”

மார்ச் 29, சனி

எழுதவே கை வரவில்லை.

இன்று ஒத்திகையில் பியூகிள் இல்லாமல் முனகல் மட்டும். இவள் ஸ்வரத்தைக் கொடுத்திருக்கிறாள். ரேட்டோ தகட்டைத் தட்டினாராம். இரண்டும் முட்டிக்கொண்டன. மறுபடி கொடுத்தாள். மறுபடி முட்டியது. ஒரு மயிரிழைகூட அசையாமல், திருத்தமாக, அரைக் கட்டை கூட.

எதை வைத்துப் பழகினாய் என்று கேட்டிருக்கிறார். போனைக் காட்டினாள். பக்கத்தில் நின்ற ட்ரம்பெட்காரி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “அது ஹா!”

இந்த நாட்டில் ‘B’ என்றால் போன் சொல்கிற B இல்லையாம். அதற்கு அரைக் கட்டை கீழே, ஆறரைதான் இங்கே B. போனில் B என்று இருப்பதை இவர்கள் H என்று எழுதி ‘ஹா’ என்பார்களாம். என்ன கதை இது? ஒரு எழுத்தைக்கூட உலகத்தோடை ஒத்து வைச்சிருக்கமாட்டாங்களோ? இருபத்தாறு வருசமா இங்கை இருக்கிறம், ஒருத்தரும் சொல்லேல்லை. ஆரிட்டைக் கேக்கிறது, கேக்கவேணும் எண்டு தெரிஞ்சால்தானே கேக்கலாம்.

பேர்னில் படிக்கிற மிதுஷாவுக்குப் போன் எடுத்தேன். “அப்பா, இது பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியுமெண்டு நினைச்சன்,” என்றாள். அவளை நொந்து என்ன பயன்.

ஒரு மாதமாக இவள் எவ்வளவு உழைத்தாளோ அவ்வளவும் பிழையான இடத்தில் போய் ஊன்றி நிற்கிறது. கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் இத்தனை கஷ்டமில்லை.

மார்ச் 30, ஞாயிறு

கோயிலுக்கு வரவில்லை என்றாள். “நான் விடப்போறன்,” என்றும் சொன்னாள். நான் “உம்மடை விருப்பம்” என்றேன். அதுவல்ல நான் சொல்ல நினைத்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

சிரித்த ஆட்கள் இருக்கிற அந்த மண்டபத்துக்கே நேற்றுப் போய், ரேட்டோவின் சொந்த ட்ரம்பெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அது சரியான B. நானென்றால் அந்தத் தெருவாலேயே போயிருக்கமாட்டேன்.

போனைத் தொடுவதில்லை. முதலில் வாயால் முனகுகிறாள். பிறகு ட்ரம்பெட்டை ஊதிப் பார்க்கிறாள். பிழை. அதை வைத்துவிட்டு உள்ளியை உரிக்கிறாள். கொஞ்ச நேரத்தால் மறுபடி. சில நேரம் பழைய ஐந்து வருகிறது, சில நேரம் அந்தப் பாழாய்ப்போன ஏழு. கோபிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை. பிள்ளைக்குச் சோறு தீத்துகிற பொறுமை.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டர் என்றாலும் எனக்கு வேலை. எங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற இயந்திரம் முடிந்ததும் கத்துமே, அது என்ன சுருதி என்று போனில் அளந்து பார்த்தேன். சரியாக ஆறரை! ஓடிவந்து சொன்னேன்.

“அதைத் தலையிலை தூக்கிக்கொண்டோ நான் மைதானத்துக்குப் போறது?” என்றாள். ஆனால் கனநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

மே 24, சனி

புது வாத்தியங்கள் வந்துவிட்டன. பழைய பியூகிளைத் துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாளாம்.

“அழுதனீரோ?”

“நானில்லை. பேஸ் வாசிக்கிற மார்க்கிரெற் அழுதவா. நான் அவாவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.”

ஜூன் 14, சனி

ரேட்டோ மூன்று முறை ஸ்வரத்தைக் கொடுக்கச் சொன்னாராம். இரண்டு முறை சரி. ஒரு முறை ஐந்துக்குச் சறுக்கிவிட்டாள். இந்த வருடத்தின் பெரிய நிகழ்ச்சி செப்டெம்பரில், எங்கடின் என்கிற மலைப்பள்ளத்தாக்கில். அங்கே இவளே கொடுக்கட்டும், தகட்டையும் கொண்டுபோவோம் என்று முடிவு. அங்கே பிழைவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து தகடுதான்.

நியாயமான மனிதர். ஆனாலும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

மாதக்கணக்கில் இங்கே எழுதவில்லை, எழுத ஒன்றுமில்லை. முனகுவாள், ஊதுவாள். இப்போதெல்லாம் ஊதிவிட்டு முகத்தைச் சுளிப்பதில்லை. அது சரி என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

செப்டெம்பர் 13, சனி. சமேடன், எங்கடின்

சிவகலாவும் கோர் ஆட்களும் பஸ்ஸில் முதலே போய்விட்டார்கள். நான் பின்னால் சிவப்பு ரெயிலில். செப்டெம்பரிலேயே மலைச்சரிவில் பனி. மைதானத்தில் விறைப்பு, மூச்செல்லாம் புகையாகப் போகிறது.

ஒரு காரியம் செய்தேன். சுருதி அளக்கிற முள் உள்ள அந்தச் செயலியை மடியில் திறந்து வைத்துக்கொண்டேன். இவளை நம்பாமல் இல்லை. பயம்.

எல்லாரும் நின்றார்கள். மைதானம் அடங்கியது. சிவகலா முன்னால் தனியாக, கையுறை போட்ட கையைக் கீழே விட்டபடி. கண்ணை மூடவில்லை. முனகினாள்.

முள் இடப்பக்கம் சரிந்தது. ஆறரை, இங்கத்தைய B என்றுதான் காட்டியது, ஆனால் நடுவுக்கு வராமல் கீழே நின்றது. ஐயோ, இந்தப் பொம்பிளை ஏழு மாசமாப் பட்ட பாடு. நாற்பது பேரும் அதையே பிடித்தார்கள். முள் அசையவில்லை. இனிப் பித்தளை வரும், முட்டும், எல்லாருக்கும் கேட்கும். தலையைக் குனிந்துகொண்டேன்.

வந்தது. முட்டவில்லை. குரலா பித்தளையா என்று பிரிக்க முடியாத மாதிரி, ஒரே சத்தமாய், மலைக்குப் போய்த் திரும்பி வந்தது. முன்வரிசையில் இருந்த கிழவர் தொப்பியைக் கழற்றினார். நான் போனைப் பார்த்தேன். அத்தனை வாத்தியமும் முழங்க, முள் அதே இடப்பக்கத்தில் அசையாமல் நின்றது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

இருவரும் ஒன்றாக ரெயிலில் திரும்பினோம். போர்வையைப் போட்டு மூடிக்கொண்டு இருந்தவளிடம், முள்ளைப் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். கோபிப்பாள் என்று நினைத்தேன்.

“கீழைதானே காட்டினது?”

“ஓம்.”

“குளிருக்குப் பித்தளை இறங்குமப்பா. ஊதிச் சூடாக்கேக்கை கேட்டுக்கொண்டு நிண்டனான், எல்லாம் இறங்கித்தான் நிண்டது. நான் அதுகளுக்குச் சுருதி குடுக்கவேணும், உங்கடை போனுக்கில்லை.”

அப்போதுதான் அந்தத் தகட்டின் நினைவு வந்தது.

“தகட்டைத் தட்டியிருந்தால்?”

“அது இறங்காது. நடுவிலைதான் நிண்டிருக்கும், எல்லாம் முட்டியிருக்கும். ரேட்டோவுக்கும் தெரியும். காலமை மைதானத்திலை இறங்கிக் குளிரைப் பாத்துப்போட்டு, அதைப் பஸ்ஸாலை இறக்கவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார்.”

சொல்லிவிட்டு ஜன்னலில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டாள். ரெயில் மாறுகிற சூர் நிலையம் வரும்வரை நான் எழுப்பவில்லை.