சிவப்புக் கோடு இல்லாத தாள்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் பிரித்தாயே, அதற்கே நன்றி. போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் அண்ணனுக்குத் தொண்டைப் புற்றுக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு மாதமாகிறது. குரல் போய்விட்டது. பட்டறையில் பத்து லேத் மிஷின் ஓடும்போதும் அதற்கு மேலே கத்தியவர், இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் கட்டிலைத் தட்டுகிறார். மருந்து ஏற்றியதில் விரல்கள் மரத்துப்போய் பேனா பிடிக்க வரவில்லை. நோய் மறுபடி பரவியிருக்கிறதாம். பார்க்க வேண்டியவர்களை இந்த மாதத்துக்குள் வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அண்ணனிடம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

இப்போது எனக்கு உன்னிடம் ஒரு யோசனை வேண்டும். முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்களுக்குப் பாடம் எடுப்பதுதானே உன் வேலை. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அம்மா ஒரு பழைய லேப்டாப் கொடுத்தார். பேட்டரி செத்தது, ஒயர் செருகியிருந்தால்தான் ஓடும். அண்ணன் ஒற்றை விரலால் தட்டுகிறார்.

அதில் எழுதுவதற்கென்று இருந்த எடிட்டரில் மேலே ஒரு கடைவீதி அளவுக்குப் பொத்தான்கள். அவர் அடிக்கும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் கீழே சிவப்புக் கோடு விழுகிறது. தான் தப்பாக எழுதிவிட்டதாக நினைத்து, கோடு விழுந்ததையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தார். அதற்குத் தமிழ் தெரியாது, தப்பு உங்களுடையது இல்லை என்று புரியவைக்கவே எனக்கு அரை நாள் போனது.

அதைவிடப் பெரிய கொடுமை வேறு. பட்டறையில் ஒருவருக்கு விரல் போனதிலிருந்து, மிஷினை விட்டு நகர்ந்தால் மெயின் சுவிட்சை அணை என்பது அண்ணன் போட்ட சட்டம். இருபத்தெட்டு வருஷப் பழக்கம். எழுதிவிட்டு எழுந்ததும் கை தானாகச் சுவரில் இருக்கும் சுவிட்சுக்குப் போகிறது. அன்று எழுதியது அத்தனையும் போய்விடுகிறது. சேமித்துவிட்டு அணையுங்கள் என்றால் தலையாட்டுகிறார், மறுநாளும் அதையே செய்கிறார். சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். அதையும் உரித்துவிட்டு அணைத்தார்.

ஜெராக்ஸ் கடை அம்மா வேறு ஒன்றைப் போட்டுக் காட்டினார். கறுப்புத் திரை, ஓரத்தில் வரி எண்கள். ஏங்க, இது புரோகிராம் எழுதுறவங்களுக்குள்ளதுங்க என்று அவரே எடுத்துவிட்டார். இன்னொன்று வெறும் வெள்ளைத் தாள், சிவப்புக் கோடும் இல்லை, ஆனால் அதுவும் அணைத்தால் போச்சு. தானாகவே சேமித்துக்கொள்வதும் உண்டாம், எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. திறந்ததும் தாளாக நிற்க வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், எதையும் கேள்வி கேட்கக் கூடாது. அப்படி ஒன்றின் பெயரை எழுதி அனுப்பு. புதிதாக எதையும் பழக அண்ணனுக்கு நாள் இல்லை.

என்ன எழுதுகிறார் என்று எனக்குக் காட்டுவதில்லை, கையால் மறைக்கிறார். ஆனால் முதல் வரி தினமும் ஒன்றுதான், அதைப் பார்த்துவிட்டேன். தம்பி, அன்னைக்கு வாசல்ல வச்சு உங்க ரெண்டு பேரையும் நான் சொன்னது, என்று தொடங்குகிறார். அதற்குமேல் தெரியாது. அன்று அவர் உன்னையும் உன் மனைவியையும் பேசியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டும் வாயைத் திறக்காதவள் நான். எனக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு.

முதல் நாள் ஒரு பக்கம் எழுதினார். அடுத்த நாள் அரைப் பக்கம். முந்தாநாள் மூன்று வரி. நேற்று தம்பி என்று மட்டும் அடித்துவிட்டு, வெகுநேரம் உட்கார்ந்திருந்து, எழுந்து சுவிட்சை அணைத்தார்.

பெயரை எழுதி அனுப்பப்பா. இல்லையென்றால் நீயே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அடிக்க அடிக்கப் படித்துவிடு. அப்போது எதையும் சேமிக்க வேண்டியிருக்காது.

மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணி